ஒரே பாத்திரத்தில் நிறைவான நனிசைவ உணவு: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

ஒரே பாத்திரத்தில் சமைப்பது என்றதும், வீட்டில் இருக்கும் காய்களையெல்லாம் நறுக்கிப் போட்டு, தண்ணீரை ஊற்றி, மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம் என்றுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் ஏதோ ஒன்று வெந்து வரத்தான் செய்யும். ஆனால் அதில் உருளைக்கிழங்கு கரைந்திருக்கும், கீரை கறுத்திருக்கும், பயறு மட்டும் நடுவில் வேகாமல் பல்லில் கடிபடும். பாத்திரம் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் வேகும் நேரம் வேறு. எது முதலில் போக வேண்டும், எது கடைசிவரை காத்திருக்க வேண்டும் என்ற வரிசை பிடிபட்டுவிட்டால், அளவுகள் சற்று முன்பின்னாக இருந்தாலும் உணவு நன்றாகவே அமையும்.

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் போன்றவற்றையும் விலக்கிய உணவே நனிசைவம். இதைக் குறிக்கும் ‘வீகன்’ என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில், பாலையும் தவிர்த்த சைவ உணவினர் சிலர் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தபோது உருவானது. கேசரோல் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ஆழமான சமையல் பாத்திரத்தையும் அதில் மெதுவாக வெந்த உணவையும் அது ஒருசேரக் குறிக்கும். இக்காலத்தில் ஓவனில் வைத்துச் சமைப்பதைக் கேசரோல் என்றும், அடுப்பின் மேலேயே முடித்துவிடுவதை ஒரே பாத்திர உணவு என்றும் பிரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஓவனில் சூடு எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அடிபிடிக்கும் அச்சம் குறைவு, மேற்புறமும் பொன்னிறமாகச் சிவக்கும். அடுப்பில் சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் அவ்வப்போது அடியோடு கிளறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நிறைவு எங்கிருந்து வருகிறது

காய்கறிகளை மட்டும் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கிறதே என்று நனிசைவத்தையே குறை சொல்பவர்கள் உண்டு. குறை செய்முறையில்தான் இருக்கிறது. இறைச்சியும் பாலும் ஓர் உணவுக்குக் கொழுப்பு, புரதம், கெட்டித்தன்மை, நாவில் நீடித்து நிற்கும் சுவை ஆகிய நான்கையும் ஒரே வீச்சில் கொடுத்துவிடுகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் இந்த நான்கையும் நாம் தனித்தனியாக நினைவில் வைத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

புரதத்துக்குப் பயறு, பருப்பு, டோஃபு என்னும் சோயா பால்கட்டி, சோயா உருண்டை ஆகியவை இருக்கின்றன. கெட்டித்தன்மை பயற்றிலிருந்தும் கிழங்கிலிருந்தும் தானாகவே வந்துவிடும். கொழுப்பில்தான் பலர் கை சுருங்குகிறது. நான்கு பேருக்குரிய பாத்திரத்துக்கு 3 அல்லது 4 மேசைக்கரண்டி எண்ணெயோ, அதற்கு ஈடான முந்திரி விழுதோ தேங்காய்ப்பாலோ போகாவிட்டால், எத்தனை மசாலாவைச் சேர்த்தாலும் அது நோயாளிக்குக் கொடுக்கும் சாறு போலத்தான் இருக்கும்.

நீடித்து நிற்கும் சுவையைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். கடற்பாசி ஒரு தாவர வகை உணவு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவை இறைச்சிக்கு மட்டுமே உரியதல்ல. தக்காளி விழுது, சோயா சாஸ், மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது ஆகியவற்றில் அது நிறைய இருக்கிறது. உலர்ந்த காளானில் இருக்கும் வேறொரு பொருள், குளூட்டமேட்டோடு சேரும்போது அச்சுவையைப் பன்மடங்கு கூட்டுகிறது. ஆகவே காளானையும் தக்காளி விழுதையும் ஒரே பாத்திரத்தில் சேர்ப்பது, இரண்டில் ஒன்றை இரட்டிப்பாகச் சேர்ப்பதைவிடப் பயன் தரும்.

பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு 4 முதல் 5 லிட்டர் கொள்ளும், அடி கனமான, மூடி இறுக்கமாகப் பொருந்தும் பாத்திரம் ஒன்று போதும். அது கைப்பிடி உட்பட முழுவதும் உலோகமாக இருந்தால் அடுப்பிலிருந்து நேராக ஓவனுக்கும் மாற்றலாம். மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் மட்டும் இந்த வகைச் சமையலைத் தொடங்க வேண்டாம்.

முதல் படி: பயற்றை வேகவைத்தல்

நிதானம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ராஜ்மா, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ் போன்ற பெரிய விதைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறும் நீரில் லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்பைக் கரைத்துவிட்டால், உப்பிலுள்ள சோடியம் தோலின் இறுக்கத்தைத் தளர்த்தி, விதை வெடிக்காமல் சீராக வேக உதவும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். செய்து பார்த்தால் அது சரியில்லை என்று தெரிந்துவிடும். பயற்றை உண்மையில் வேகவிடாமல் செய்வது புளிப்புதான்.

இதை நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கித் தெரிந்துகொண்டேன். விருந்தினர் வரும் நாளொன்றில் நேரம் குறைவாக இருந்ததால், அரைவேக்காட்டில் இருந்த கொண்டைக்கடலையோடு அரைத்த தக்காளியையும் ஊற்றி, எல்லாம் சேர்ந்து வெந்துகொள்ளட்டும் என்று மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் கடலை கடுக்கென்றிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தக்காளி சுண்டி அடியில் கறுத்துவிட்டது, கடலை அப்படியேதான் இருந்தது. விதையின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருள், புளிப்பான நீரில் எளிதில் கரைவதில்லை. தக்காளி, எலுமிச்சை, புளி, வினிகர் எதுவாக இருந்தாலும், பயறு முழுதாக வெந்த பிறகே பாத்திரத்துக்குள் நுழைய வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் இதே தொல்லையைத் தரும். அப்படிப்பட்ட நீர் வரும் வீடுகளில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்த்தால் விரைவில் வெந்துவிடும், கூடினால் சோப்பு வாடை வரும்.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதில் இயற்கையாகவே இருக்கும் ஒரு நச்சுப் புரதம், சரியாக வேகாத நிலையில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமும், பாதுகாப்புக்கு 30 நிமிடமும் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதிநிலைக்கு எட்டாத சூட்டில் மணிக்கணக்காக வைத்திருக்கும் மின்சார மெதுசமையல் பாத்திரத்தில் பச்சை ராஜ்மாவை நேராகப் போடவே கூடாது. குக்கரில் வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

வெந்துவிட்டதா என்று அறிய ஒரே ஒரு விதையை எடுத்துப் பார்த்தால் போதாது. வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து விதைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஐந்தும் பற்களின் உதவியில்லாமல் நசுங்கினால் பதம் சரி. வெந்த நீரைக் கொட்டிவிடாமல் எடுத்துவையுங்கள். மாவுச்சத்து கலந்த அந்தக் கலங்கலான நீர்தான் இந்தச் சமையலின் குழம்புத் தளம்; கடையில் வாங்கும் சூப்புக் கட்டியைவிட எவ்வளவோ மேல். நேரமில்லாதவர்கள் டப்பாவில் வரும் வெந்த பயற்றைக் கழுவிப் பயன்படுத்துவதில் தவறில்லை. மைசூர் பருப்புக்கு ஊறவைக்கும் வேலையே கிடையாது. 20 நிமிடத்தில் கரைந்துவிடும்.

இரண்டாம் படி: வதக்குதல்

பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயங்களையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போட்டு, மிதமான தீயில் வையுங்கள். முதலில் சளசளவென்று உரத்த ஓசை கேட்கும். அது வெங்காயத்தின் நீர் ஆவியாகும் ஓசை. நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறத்தையும் மணத்தையும் தரும் மாற்றமோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். எனவே ஐந்தாறு நிமிடத்தில் கண்ணாடி போலாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். இன்னும் பொறுத்தால் அந்த உரத்த ஓசை அடங்கி, மெல்லிய பொரியும் ஓசையாக மாறும். ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டும். அந்தப் படலம் அடிபிடித்ததல்ல, அதுதான் சுவை. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டினால் அது கரைந்து வெங்காயத்தோடு கலந்துவிடும். மொத்தம் 15 நிமிடம் ஆகும். இந்தக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தியவர்களின் உணவை, முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு நசுக்கிய பூண்டு, அரை நிமிடம். அடுத்து 2 மேசைக்கரண்டி தக்காளி விழுது. விழுதின் பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறமாக மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்வரை, இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மசாலாத் தூள்களையும் உலர்ந்த இலைகளையும் இந்தக் கட்டத்திலேயே சேர்ப்பது நல்லது. அவற்றின் மணம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும்.

காளான் சேர்ப்பதானால் அதை வெங்காயத்துக்கு முன்பே, தனியாக, அதே பாத்திரத்தில் வதக்கி எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் வதங்காமல் அவிந்து, ரப்பர் போலாகிவிடும்.

மூன்றாம் படி: நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே எளிய வழி. இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள உருளைக்கிழங்குத் துண்டு வேக 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிய கேரட்டும் ஏறக்குறைய அதே நேரத்தை எடுத்துக்கொள்ளும். காலிஃபிளவருக்கு 8 முதல் 10 நிமிடம். உறைந்த பச்சைப் பட்டாணிக்கு 3 அல்லது 4. கீரைக்கு இரண்டே நிமிடம். ஆக, வெந்த பயறும் அதன் நீரும் கிழங்குகளும் முதலில் போகும், பத்து நிமிடம் கழித்துக் காலிஃபிளவர், இறக்குவதற்குச் சற்று முன்பு பட்டாணி, அடுப்பை அணைக்கும்போது கீரை. பயற்றைப் போலவே உருளைக்கிழங்கும் புளிப்பில் வேகத் தாமதிக்கும் என்பதால், நறுக்கிய தக்காளி நிறையச் சேர்ப்பதாக இருந்தால் கிழங்கு பாதிக்கு மேல் வெந்த பிறகே சேருங்கள். முன்பு சொன்ன இரண்டு கரண்டி விழுதால் பெரிய தாமதம் ஏற்படாது.

அரிசி சேரும்போது கணக்கு மாறுகிறது. ஒரு கப் வெள்ளை அரிசிக்கு இரண்டு கப் திரவம் என்று தொடங்கி, நீர் விடும் காய்கள் நிறைய இருந்தால் அரை கப் குறைத்துக்கொள்ளலாம். மூடிய பிறகு கிளறக் கூடாது. அடுப்பை அணைத்த பின் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். தீட்டாத பழுப்பு அரிசிக்கு 40 நிமிடத்துக்கு மேலும் ஆகும், அதனால் அது காய்களுக்கு முன்பே பாத்திரத்துக்குள் போய்விட வேண்டும். ஓவனில் வைக்கும் கேசரோலில் பாஸ்தா சேர்ப்பதாக இருந்தால், உறையில் குறித்துள்ள நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். மீதியை அது ஓவனில் குடித்துக்கொள்ளும். அதற்காகவே சாஸும் உங்களுக்குச் சரி என்று தோன்றும் பதத்தைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும்.

செய்து பார்க்க ஒன்று: பீன்ஸ், காளான், உருளைக்கிழங்குக் கேசரோல்

ஐந்து பேருக்குப் போதுமான அளவு இது. 300 கிராம் வெள்ளை பீன்ஸை மேலே சொன்னபடி ஊறவைத்து, உருக்குலையாமல் வேகவைத்து, அந்த நீரில் இரண்டரை கப்பைத் தனியே எடுத்துவையுங்கள். 400 கிராம் காளானை நான்காக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நல்ல தீயில் சிவக்க வதக்கி எடுங்கள். அதே பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது ஆகியவற்றை முன்பு விளக்கிய முறையில் வதக்கி, ஒரு தேக்கரண்டி உலர்ந்த தைம் இலையையும் இரண்டு பிரிஞ்சி இலைகளையும் சேர்த்து, 2 மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள். பயறு வெந்த நீரை இப்போது ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் அரை கப் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதியை ஊற்றுங்கள். மூன்று கேரட்டுகளின் துண்டுகளைப் போட்டு, மூடி, 10 நிமிடம் சிறு தீயில் விட்டு, பீன்ஸையும் காளானையும் 2 மேசைக்கரண்டி சோயா சாஸையும் கலந்து, உப்புப் பாருங்கள். சோயா சாஸிலேயே உப்பு நிறைய இருப்பதால் அதற்குப் பிறகு பார்ப்பதே சரி.

இதற்கிடையில் 600 கிராம் உருளைக்கிழங்கை 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்ட வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட கொதிநீரில் 4 நிமிடம் போட்டு வடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் பச்சை வில்லைகளை அடுக்கினால், ஓரம் கருகும்போதும் நடுவில் நறுக்கென்றிருக்கும். கலவையை ஓவன் பாத்திரத்தில் பரப்பி, வில்லைகளை ஓடு வேய்வதைப் போல ஒன்றன் மேல் ஒன்று பாதி படியும்படி அடுக்கி, 2 மேசைக்கரண்டி எண்ணெயைத் தடவி, உப்பும் மிளகுத்தூளும் தூவுங்கள். திரவம் வில்லைகளைத் தொட வேண்டும், மூழ்கடிக்கக் கூடாது. அலுமினியத் தாளால் மூடி 190 டிகிரியில் 30 நிமிடம், பிறகு தாளை எடுத்துவிட்டு 20 முதல் 25 நிமிடம். ஓரங்கள் பழுப்பேறி, பக்கங்களில் சாறு குமிழியிடும்போது வெளியே எடுத்து, 15 நிமிடம் ஆறவிடுங்கள். சுடச்சுட வெட்டினால் தட்டில் சாறாக ஓடும். ஆறினால் மாவுச்சத்து இறுகி, அடுக்குக் குலையாமல் கரண்டியில் வரும்.

ஓவன் இல்லாதவர்கள் அதே பாத்திரத்தில் வில்லைகளை அடுக்கி, கீழே கனமான தோசைக்கல்லை வைத்து, மூடி, மிகச் சிறு தீயில் 30 நிமிடம் விட்டால் போதும். மேற்புறம் மொறுமொறுப்பாக வராது என்பதால், ஒரு கப் ரொட்டித் தூளை 2 மேசைக்கரண்டி எண்ணெயிலும் நசுக்கிய பூண்டிலும் தனியாகச் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவிக்கொள்ளலாம். ஓவன் வைத்திருக்கும் நானே சில நாட்களில் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

பாலேடு போன்ற குழைவு வேண்டுமானால் அரை கப் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் தண்ணீரோடு நெகிழ அரைத்துச் சேருங்கள். சூடு ஏறும்போது அது தானே கெட்டியாகும். சோயா பால் வாங்கினால் சர்க்கரையும் வெனிலாவும் சேராததுதானா என்று உறையைப் படித்துவிடுங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசி ஐந்து நிமிடத்தில், தீயைக் குறைத்த பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

சுவை பார்த்துத் திருத்துதல்

சுவை மந்தமாகத் தோன்றினால் உடனே மசாலாவைத் தேடாமல், முதலில் சிறிது உப்பையும், அதன் பிறகும் போதவில்லை என்றால் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துப் பாருங்கள்; பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையின் வைட்டமின் சி, பயற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேரவும் துணைசெய்யும். நீர்த்துவிட்டால் ஒரு கரண்டிப் பயற்றை எடுத்து மசித்து மீண்டும் கலக்குங்கள். அடிபிடித்துவிட்டால் சுரண்டவே வேண்டாம்; மேலுள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். பி12 வைட்டமின் மட்டும் இந்தப் பாத்திரத்தில் எதைப் போட்டாலும் கிடைக்காது. முழு நனிசைவராக இருப்பவர்கள் அதை, அச்சத்து சேர்க்கப்பட்ட உணவுகளிலிருந்தோ மாத்திரையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சியதை எடுத்துவைத்தல்

பயறு சேர்ந்த உணவு மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும். ஆனால் பெரிய பாத்திரத்தோடு மேடையிலேயே ஆறவிடாமல், அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாட்கள் வரை தயக்கமின்றிச் சாப்பிடலாம். அரிசி சேர்ந்தது என்றால் இன்னும் விரைவாக வைக்க வேண்டும், ஏனெனில் சமைத்த சூட்டையும் தாங்கும் சில நுண்ணுயிர் வித்துகள் வெதுவெதுப்பான சோற்றில் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. உறையவைப்பதற்குப் பயறும் பருப்பும் ஏற்றவை; உருளைக்கிழங்கு உறைந்து உருகினால் சக்கை போலாகிவிடும், அதனால் உறையவைக்க எண்ணிச் சமைக்கும் நாளில் கிழங்கை விட்டுவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது கால் கப் தண்ணீர் விட்டு, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்திலேயே எடுத்துவைத்திருந்தால், குளிர்ந்த அந்தப் பாத்திரத்தை முன்பே சூடேறிய ஓவனுக்குள் நேராக வைக்காதீர்கள்; திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உணவை உலோகப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணாடிப் பாத்திரம் அறைச் சூட்டுக்கு வரும்வரை சற்றுக் காத்திருங்கள்.